உதவியவர், உறவு, நேரம்

தினமும் காலை ஆறரைக்கு மேல்வீட்டம்மா காப்பிப்பொடி பாட்டிலின் மூடியைச் சமையலறைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே கொடுத்து, இடுப்பால் கதவை நெருக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பாட்டிலைத் திருகுகிறார். முதல் திருகலிலேயே மூடி அசைந்துவிட்டால் அன்றைக்கு நல்ல நாள். பிடி வழுக்கினால் கதவு போய் நிலையில் மோதும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வலது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

மூடியை லேசாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். "பொடி நமுத்துப் போயிடும்ல?" என்றார். எதிலும் அரைகுறை அவருக்கு ஆகாது.

என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். வயது ஐம்பத்தாறு. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் எடை அளவு ஆய்வாளர். கடைத்தெருவில் அவருக்குக் 'கிராம் மேடம்' என்று பெயர். தெருமுனையில் தலை தெரிந்தாலே தராசுத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். காய் வாங்கப் போனாலும் இதே கதைதான். அரைக் கிலோ தக்காளி கேட்டால், கடைக்காரர் கை பதறி அறுநூறு கிராம் போடுவார். கூடுதலாக விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு, "எனக்கு அரைக் கிலோ போதும். உங்க பயத்தையும் சேர்த்து நிறுக்காதீங்க" என்பாராம். கடைக்காரரே என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இந்தம்மா வேறு கடைக்குப் போனால் தேவலை என்றும் சொன்னார்.

முப்பது வருஷ உத்தியோகம் இப்படி. அவரிடம் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவைக்க எல்லோரும் பழகிவிட்டார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட நாங்களும் பழகியிருந்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குத் தீவனம் நிறுக்கும் மேடைத்தராசைச் சோதிக்கப் போனார். தராசு நானூறு கிராம் குறைத்துக் காட்டியது. அங்கேயே நின்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மேலே ஒரு பழுப்புக் குதிரை தலையை நீட்டி அந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்தது. ஓரத்தைக் கடித்தும் பார்த்தது. அதன் பெயர் மந்திரி. ஒரு வேலையும் செய்யாமல் கம்பீரமாக நிற்கும் என்பதால் அங்கே இருந்த குதிரைக்காரர் வைத்த பெயர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இவர் அங்கே குதிரையேற்றம் கற்கப் பேர் கொடுத்துச் சேர்ந்துவிட்டார்.

ஐம்பத்து மூன்று வயதில் முழங்கால் வரை பூட்ஸும் தலைக்கவசமுமாக அவர் மாடியிறங்கிப் போனதை எங்கள் கட்டடமே ஜன்னலில் நின்று பார்த்தது. எண்பது கிலோவுக்கு மேற்பட்ட ஆளை அந்தப் பள்ளியில் குதிரை மேல் ஏற்ற மாட்டார்கள். அவரோ அறுபதைத் தாண்டாதவர். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் தானே திருத்திக்கொடுத்த அந்தத் தராசில் ஏறி நின்று, எடையைக் குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் சேணத்தில் கால் வைப்பாராம். இத்தனை பாடுபட்டுக் குதிரை எதற்கு என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது.

"என்னைப் பார்த்ததும் எதையாவது எடுத்து மறைக்காத ஆளு அது ஒண்ணுதான்."

விழுந்தது எட்டு மாதத்துக்கு முன்னால். அதில் மந்திரியின் தப்பு எதுவும் இல்லை. குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கிப் பிடிக்கும் தோல்வார் உள்பக்கம் நைந்துபோயிருந்தது. ஒரு வளைவில் திரும்பும்போது அது அறுந்து, சேணத்தோடு சேர்ந்து அவரும் சரிந்தார். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு, தோளில் ஒன்று. குதிரை ஓடவில்லை, விழுந்த இடத்திலேயே நின்று புல் மேய்ந்ததாம். ஆள் வந்து சேரும்வரை அதன் குளம்புகளைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்திருக்கிறார். "ஊர்ல இருக்கிற தராசையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். நான் உட்கார்ந்த வாரைத் தொட்டுப் பார்க்கல" என்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிக்கிறார்.

வார் நைந்திருந்ததைப் பள்ளி ஒப்புக்கொண்டுவிட்டது. காயம் எவ்வளவு பெரியது என்பதில்தான் காப்பீட்டுக் கம்பெனியோடு இழுபறி. மணிக்கட்டில் தகடு வைத்தும் பிடி வரவில்லை. இன்னொரு தடவை திறந்து சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். அது நஷ்ட ஈடு வந்தால்தான் நடக்கும். இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்க முடியாத ஆய்வாளரை ஆபீஸில் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்து ரிஜிஸ்டர் எழுத விட்டிருக்கிறார்கள். ஓய்வு பெறுவதற்குள் ஒரு வருஷமாவது மறுபடி கடைத்தெருவுக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான்.

தினமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். தேதி, வலி, செய்ய முடியாமல் போனது, உதவியவர், உறவு, நேரம் என்று ஆறு கட்டம். வீட்டு மனிதர்கள் உடனிருந்து பார்த்துக்கொண்ட நேரத்தையும் நஷ்டத்தில் சேர்த்துக் கேட்கலாமாம்.

போன சனிக்கிழமை அவர் மாடியிறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார். நோட்டு அவர் கையால் எழுதியதுதான் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நாளைக்குக் காலையில வக்கீல் குமாஸ்தா வருவார். ஏழு நிமிஷம் ஆகும்" என்றார். ஆறு வருஷமாக மேலும் கீழுமாக இருக்கிறோம். அந்த வீட்டுக்குள் நான் காலடி வைத்தது மறுநாள்தான்.

பளிச்சென்று துடைத்த அறை. அலமாரியில் பித்தளை எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டிக்குள் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக இருந்தன. கதவுக்குப் பின்னால் ஆணியில் தலைக்கவசம் மாட்டியிருந்தது, பக்கவாட்டில் ஒரு நீளக் கீறலோடு. விருந்தாளிக்கென்று போட்டிருந்த நாற்காலியில் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது. நான் உட்கார்ந்ததும் அது சரசரவென்று சத்தம் போட்டது. எங்கள் இருவருக்கும் சங்கடமாகிவிட்டது.

நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கங்களில் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலத் தாறுமாறாகப் போகிறது. வலது கை போய் இடது கை எழுதக் கற்றுக்கொண்ட காலம். போகப் போக நிமிர்ந்து, ஐந்தாவது மாதத்தில் அச்சடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

"மூன்றாம் நாள். தலை பின்ன முடியவில்லை. உதவியவர்: யாருமில்லை."

"பதினொன்றாம் நாள். போர்வையைப் பிழிய முடியவில்லை. அப்படியே கொடியில் போட்டேன். உதவியவர்: யாருமில்லை."

"பத்தொன்பதாம் நாள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். இனி பின்ன வேண்டியதில்லை."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கத்தரித்த தலையோடு அவரைப் படிக்கட்டில் பார்த்துவிட்டு வந்து, 'மேல்வீட்டம்மாவுக்கு இந்த வயதில் ஸ்டைலைப் பார்த்தாயா' என்று வீட்டில் சொல்லிச் சிரித்தவன் நான்தான். நாலு பேர் இருக்கிற வீடு எங்களுடையது. ஒருவருக்காவது அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

நாற்பதாம் நாளுக்கு மேல் 'யாருமில்லை' என்பதும் நின்றுபோய் வெறும் கோடாகிவிட்டது. எழுதி எழுதி அலுத்திருப்பார். கோடுகளை விரலால் தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

"ஐம்பத்திரண்டாம் நாள். காலையில் கதவு இடிக்கும் சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டிலிருந்து சீட்டு வந்தது. நிலையில் துணி ஒட்டினேன். ஒரு கையால் ஒட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று."

சீட்டை எழுதிக் கதவிடுக்கில் செருகியதும் நான்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "அடுத்த பக்கத்துல ஒரு லெட்டர் இருக்கும், படிங்க. என் தம்பி நல்லா எழுதுவான்" என்றார்.

விஷயம் இதுதான். போன வாரம் குமாஸ்தா போனில் கூப்பிட்டு, உதவியவர் கட்டம் எட்டு மாதமும் காலியாக இருந்தால் கேஸுக்கே ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். யார் தயவும் இல்லாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு என்ன பெரிய காயம் என்று கம்பெனி வக்கீல் கேட்பாராம். உடன்பிறந்தவர் யாராவது கூட இருந்ததாக ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம். இவருக்கு இருப்பது ஒரே தம்பி, வேறு ஊரில். இந்த எட்டு மாதத்தில் இரண்டு தடவை போன் செய்தவருக்கு, வரத்தான் தோதுப்படவில்லை. அக்கா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "அதுக்கென்னக்கா, எழுதி அனுப்பிடறேன்" என்றாராம். மூன்றாம் நாள் கடிதம் வந்துவிட்டது.

இரண்டு பக்கம், அழகான கையெழுத்து. நான்கு மாதம் அக்காவுடனேயே தங்கியிருந்தேன் என்று ஆரம்பிக்கிறது. காலையில் பால் காய்ச்சிக் கொடுத்தது, போர்வையை அலசிப் பிழிந்து போட்டது, வலியில் முனகியபோது விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் இப்படி ஒரு வரி: "அக்காவின் நீண்ட கூந்தலைத் தினமும் சிக்கெடுத்து, வலிக்காமல் பின்னிவிடுவேன்."

நான் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தேன். காதுக்கு மேலே ஏறிய, நரைத்த கிராப்பு.

"அவன் மனசுல எனக்கு இன்னும் சடை இருக்கு" என்றார். பிறகு, "நாலு தரம் படிச்சேன். படிக்கப் படிக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவர் குரல் எப்போதும் போலவே இருந்தது.

குமாஸ்தா மூச்சு வாங்கிக்கொண்டே மாடியேறி வந்தார். அறுபதைத் தாண்டிய, நல்ல மனுஷர். உட்காருமுன்பே தம்பி கடிதம் வந்ததா என்றுதான் கேட்டார். இவர் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, மடித்து, எடைக்கல் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, நோட்டை மட்டும் நீட்டினார்.

"லெட்டரும் வேணுமேம்மா" என்றார் குமாஸ்தா.

"அது எனக்கு வந்தது."

குமாஸ்தா பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லோரும் செய்வதுதான், உறவு உண்மை, காயம் உண்மை, நடுவில் ஒரு காகிதம்தானே. இவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அவன் வரல. வராத ஆளை எடையில சேர்க்க முடியாது" என்றார்.

"அப்ப நீங்க தனியாவே சமாளிச்சீங்கன்னு சொல்லிடுவாங்கம்மா."

"தனியாத்தான் சமாளிச்சேன். சுலபமா இருந்துச்சுன்னு ஒரு பக்கத்துலயும் எழுதல. அவங்களைப் படிக்கச் சொல்லுங்க."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், கீழ்வீடுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, தட்டில் வைத்த பொருளைப் பார்க்கிற பார்வை.

"நீங்க வந்தது இன்னைக்குத்தானே" என்றார்.

கடைசிப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். குமாஸ்தா பெருமூச்சு விட்டு நோட்டைப் பைக்குள் வைத்தார். இது போதும், இனிமேல் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். இந்த நோட்டுக்குக் கம்பெனி என்ன மரியாதை கொடுக்கும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ஏழு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. நான் எழுந்தேன். பிளாஸ்டிக் உறை மறுபடி சரசரத்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன்பே சமையலறைக்குள் போய்விட்டார்.

கதவு நகரும் சத்தம் கேட்டது. அடுத்து என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் கீழே படுத்துக்கொண்டு கேட்ட சத்தம். நானும் உள்ளே போனேன். நிலையில் ஒட்டியிருந்த துணி பாதி கிழிந்து தொங்கியது. மூடியை அந்த இடுக்கில் கொடுத்து, இடுப்பால் கதவை நெருக்கிக்கொண்டு நின்றிருந்தார். நான் பாட்டிலை வாங்கித் திறந்தேன். ஒரு திருகல்தான்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தார். ஆறு கட்டமும் ஏற்கெனவே கோடு போட்டு வைத்திருந்தது. இடது கையால் நிதானமாகத் தேதியை எழுதினார். செய்ய முடியாமல் போனது: பாட்டில் மூடி. உதவியவர்: கீழ்வீட்டுக்காரர். உறவு என்ற கட்டத்தில் கொஞ்சம் தயங்கி, 'அண்டைவீடு' என்று எழுதினார். நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடாமல் நோட்டின் மேல் அப்படியே வைத்துவிட்டு, பாத்திரத்தில் இரண்டு பேருக்குத் தண்ணீர் அளந்து ஊற்றினார்.