அண்ணனிடம் காட்டிய சீட்டு

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். ஒருமுறை ஒரு தீவு நாட்டுக்குத் தேர்தல் பார்வையாளராகப் போய் வந்தேன். அங்கே எங்களுக்குச் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். கூப்பிட்டால்தான் போக வேண்டும். எதிலும் கை வைக்கக் கூடாது. யார் கொடுத்தாலும் டீகூடக் குடிக்கக் கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும், நல்லதையும் சேர்த்து.

அந்த ஊர் வாக்குச்சாவடியில் ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: உங்கள் ஊரில் வெளியாள் ஒருத்தி நோட்டோடு வந்து உட்கார்ந்தால் விடுவீர்களா? "தாராளமாக" என்றேன். பச்சைப் பொய்! எங்கள் ஊர் ராஜபாளையத்தில் ஒரு சந்து முனையில் நின்று இரண்டு நிமிடம் எழுதினாலே, யாரு, எந்தத் தெரு என்று விசாரிக்க நாலு பேர் வந்துவிடுவார்கள்.

அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் தெருக் கடைக்காரர்கள் சங்கம் தலைவர் தேர்தலுக்கு என்னைப் பார்வையாளராகக் கூப்பிட்டபோது, என் அண்ணனே மறுபடியும் நிற்கிறான், சொந்தக்காரி உட்காரக் கூடாது என்றேன். எதிர்த்து நின்ற தையல்கடை அக்கா சிரித்தார்.

"நீங்களே இருங்க. அண்ணனுக்குச் சாதகமா எழுதுதீயளான்னு நாங்க பாத்துக்கிடுதோம்."

தேர்தலன்று சங்க மண்டபத்தில் ஓட்டுப் போட மறைப்பு கிடையாது. ஒரு மேஜை, ஒரு பேனா, ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் பழைய தலைவர் என்ற முறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வந்தவர்கள் டிக் அடித்தார்கள், சீட்டை மடிக்கும் முன் அவனிடம் நீட்டினார்கள். "அண்ணாச்சி, பாத்துக்கோங்க." அவன் தலையை ஆட்டினான். பிறகுதான் சீட்டு பெட்டிக்குள் போனது. எங்கள் சங்கத்தில் அது மரியாதையாம்!

பூக்கடைக்காரப் பெண் மட்டும் பேனாவை எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள், தையல்கடை அக்காவைப் பார்த்தாள். பேனா அக்கா பேர் பக்கம் போய்த் திரும்பியது. அப்புறம் அண்ணன் பேருக்கு எதிரே டிக் அடித்து அவனிடம் காட்டினாள். எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். எனக்கு வந்த டீயைத் திருப்பி அனுப்பினேன்.

அண்ணன் ஜெயித்தான். மறுநாள் காலை, அறிக்கையைக் கொடுக்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"எம்புட்டு வேணாலும் எழுது. சீட்டக் காட்டுனாங்கங்கிற வரிய மட்டும் அடிச்சிரு."

"மாட்டேன்."

"ஏட்டி, மரியாதைக்குக் காட்டுனாக! நான் யாரையாச்சும் மிரட்டுனேனா?"

"மிரட்டலன்னும் எழுதிருக்கேன். வேட்பாளர் என் அண்ணன்னு மொத வரியிலயே எழுதிருக்கேன். அவுக காட்டும்போது நீ வேண்டாம்னு சொன்னியா?"

அண்ணன் வாசல் வரை போய்த் திரும்பினான். "அடுத்த மாசம் ஒம் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீருக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

எனக்கு இருப்பது ஒரே அண்ணன். ஆனால் அந்தத் திரும்பிய பேனாவை அறிக்கையிலிருந்து அடித்துவிட்டு என்ன சீர் வேண்டிக் கிடக்கிறது? என் சொந்த ஊர் மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டால், கடல் தாண்டிப் போய் அந்த அம்மா முன்னால் உட்கார எனக்கு என்ன யோக்கியதை? மகளிடம் சொன்னேன். "நீங்க எழுதுனது பொய்யாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பக் குடுத்துட்டு வாங்க" என்றாள். கொடுத்தேன்.

சங்கம் மறுதேர்தல் வைத்தது. ஒரு மூலையில் பழைய போர்வையைக் கட்டி மறைப்பு செய்தார்கள். பூக்கடைக்காரப் பெண் உள்ளே போய், மடித்த சீட்டோடு நிமிர்ந்து வந்தாள். அண்ணன் தோற்றான்.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் மண்டப வாசலையே பார்த்தார்கள், நானும்தான். முகூர்த்தத்துக்குச் செத்த நேரம் இருக்கும்போது அண்ணன் சீர்த்தட்டோடு படியேறி வந்து என் முன்னால் நின்றான்.

"அந்த வரிய அடிச்சிட்டியா?"

"இல்லண்ணே. அடிக்கவும் மாட்டேன்."

தட்டை என் கையில் தரவில்லை. நேராக மணமேடைக்குப் போய் என் மகள் கையில் கொடுத்தான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி, நல்லதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதுதான் விதி. என் அண்ணன் வந்தான்.