கேட்டில் அடித்த தீவு வாசம்

விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் மூக்குக்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் சண்முகவேல்தான். பதிவேட்டில் அவர் வேலை ‘கேட் செக்கிங்’ என்று இருக்கும். காலையில் ஆட்கள் வரிசையாக வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்ட வேண்டும். அவர் யாரையும் தொடமாட்டார், குனிந்து ஒரு மோப்பம், அவ்வளவுதான். பீடி குடித்துவிட்டு வேப்பங்கொழுந்தை மென்றுகொண்டு வருகிறவனைப் பிடிப்பார். நேற்றுத் தீப்பெட்டியைத் தொட்டவனை இன்று பிடிப்பார். ஒருமுறை ஃபோர்மேன் நவநீதகிருஷ்ணன் முதல் நாள் தின்ற பரோட்டா சாத்தூர்க் கடைச் சரக்கு என்று சொல்லிவிட்டார். சாத்தூருக்குப் போன விஷயத்தை ஃபோர்மேன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சண்டை தீர ஒரு மாதம் ஆனது.

ஆனாலும் அவரைக் கேலி பேச யாருக்கும் மனசு வராது. அவர் கேட்டில் நின்ற இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆலைச் சுவரில் ஒரு கரித்தடம்கூட விழுந்ததில்லை. மருந்து கலக்கிற அறைக்குள் போகிறவர்கள் இருக்கன்குடி மாரியம்மனையும் சண்முகவேல் மூக்கையும் சேர்த்தே நினைத்துக்கொள்வார்கள்.

இப்பேர்ப்பட்ட மூக்கோடு குடித்தனம் நடத்தியவள் வேலுத்தாய். அதே ஆலையில் வெடிக்குத் தாள் சுற்றுகிறவள். பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜி சுட்ட எண்ணெய் மூன்றாம் தடவை காய்ந்தது என்று கண்டுபிடித்துச் சொன்ன சண்முகவேல், பெண் பிடித்திருக்கிறதா என்று சொல்ல மறந்துபோனார். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பதில் வரவில்லை. அவள் மல்லிகைப்பூ வைத்தால் தும்முவார். பவுடர் போட்டால் ஜன்னலைத் திறந்துவிடுவார். காலையில் கேட்டில் மற்றவர்களைப் போல அவளும் கையை நீட்டுவாள். மோந்து பார்த்துவிட்டு, சரி போ என்பார். ஒரு நாளைக்கு அவர் முகம் அவள் பக்கம் வருவது அந்த ஒரு தடவைதான். அதுவும் தீப்பெட்டி தேடி. வேலுத்தாய்க்கு அதில் வருத்தம் உண்டு, யாரிடம் போய்ச் சொல்ல?

இந்த நிலையில்தான் ஆவணி மாதம் அவள் அண்ணன் மகன் ஹரிஷ்குமார் லீவில் வந்தான். மாலத்தீவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து அத்தை கையில் ஒரு சென்ட் பாட்டிலைக் கொடுத்தான். பாட்டிலின் மேல் நீலக் கடல், சாய்ந்த தென்னை, மணலில் ஒரு சாய்வு நாற்காலி. வெனிலாவும் எலுமிச்சையும் ஆரஞ்சும் சேர்ந்த வாசமாம், அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் மேலெல்லாம் இதுதான் அடிக்குமாம். அவன் போனதும் வேலுத்தாய் மூடியைத் திறந்தாள். முதலில் சிவகாசி பேக்கரியில் கேக் வேகிற வாசம் வந்தது. பின்னாலேயே எலுமிச்சம்பழம் நறுக்கிய வாசம். மூன்றாவதாக வந்தது தீவு. அந்த நாற்காலியில் அவளே காலை நீட்டிப் படுத்திருந்தாள். சண்முகவேல் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதை மோந்து பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாட்டிலைப் பெருங்காய டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். அந்த மூக்கை ஜெயிக்க வீட்டில் வேறு பொருள் கிடையாது. ஒன்பது நாள் தினமும் தீவுக்குப் போய் வந்தாள். பத்தாம் நாள் காலையில், தனியாகப் போய் என்ன செய்ய என்று தோன்றிவிட்டது. சைக்கிளில் ஏறப்போன கணவனை நிறுத்தி, காலரில் நூல் ஒட்டியிருக்கிறது என்று சொல்லிப் பின்கழுத்தில் சென்ட்டை இரண்டு தடவை பீய்ச்சிவிட்டாள். அவர் திரும்புவதற்குள் சைக்கிளைத் தள்ளிவிட்டாள். எதிர்க்காற்று வாசத்தையெல்லாம் பின்னால் கொண்டுபோனது.

கேட்டுக்கு முன்னால் காற்று கிடையாது. வேலுத்தாய் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வரிசை நின்றுபோயிருந்தது. முதல் ஆளான கோட்டைச்சாமியின் கையைச் சண்முகவேல் கண்ணை மூடி மோந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கோட்டைச்சாமி அதுவரை கண்டதில்லை, பயந்துபோனான். கேக் தின்றாயா என்று கேட்டார். பழைய கஞ்சி குடித்துவிட்டு வந்தவன் அவன். பிறகுதான் அவருக்கு மூக்கில் வேர்த்தது. இது தின்கிற சாமான் இல்லை, உள்ளே ஸ்பிரிட் இருக்கிறது, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கோட்டைச்சாமியை வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்.

இரண்டாவது கையிலும் அதே வாசம். மூன்றாவதிலும் அதே. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடுவான் என்பார்கள், இவர் அதை ஒவ்வொருவர் கையிலும் தேடினார். பத்தாவது ஆளிடம் மோந்தபோது அவருடைய வலது கால் தானாக மணலைத் துழாவியது. இருபதாவது ஆளிடம், இங்கன எங்கேயோ அலைச் சத்தம் கேட்கிறதே என்றார். விருதுநகர் மாவட்டத்தில் கடலே கிடையாது என்று ஒருத்தி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவளும் மரத்தடிக்குப் போனாள்.

முப்பத்தேழு பேர் வெளியே நின்றார்கள். தீபாவளி சீசன், லோடு லாரி காத்துக் கிடக்கிறது. மூக்கு அடைத்திருக்கும், எல்லாரையும் உள்ளே விடுங்கள் என்று ஃபோர்மேன் சொன்னார். அதுதான் தப்பாகிப்போயிற்று. சண்முகவேலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியம். என் மூக்கு பொய் சொல்லியிருந்தா, நாளையிலருந்து இந்தக் கேட்டுல நிக்க மாட்டேன்."

வரிசையில் மிச்சம் இருந்தது வேலுத்தாய் ஒருத்திதான். வாசம் யார் கையிலும் இல்லை என்று வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். அந்த வேலை போனால் அவர் உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். திறக்காவிட்டால் முப்பத்தேழு பேருக்கு அன்றைக்குப் பிழைப்பு இல்லை, சீசனில் போன ஒரு நாள் திரும்பாது. அதைவிட இன்னொன்று அவளை உலுக்கியது. ஸ்பிரிட் என்று அவர் சொன்னாரே. ஆசைப்பட்ட வேகத்தில் அதை அவள் யோசிக்கவே இல்லை. காலரில் அதோடு அவர் மருந்து அறைப் பக்கம் ஒரு நடை போயிருந்தால்?

"போர்மேன் அண்ணாச்சி, அவுக மூக்கு பொய் சொல்லல" என்றாள். "வாசம் நெசந்தான். அடிக்கது அவுக மேலதான். காலையில காலர்ல சென்ட் அடிச்சுவிட்டது நான்."

மரத்தடியில் சிரிக்கத் தொடங்கியவர்கள் சண்முகவேல் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் காலரை இழுத்து மோந்தார். நன்றாக மூக்குடைபட்ட மனிதர், ஆனாலும் அந்த மூக்கையே நம்பினார். தன் சட்டப்படி தானே கேட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றார். நவநீதகிருஷ்ணன் அவர் இடத்தில் நின்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார். வேலுத்தாய் தவிர எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று சண்முகவேல் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"இருவத்திரண்டு வருசமா என்னையவும் தீப்பெட்டி இருக்கான்னுதான மோந்து பாத்தீக" என்றாள் வேலுத்தாய். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் நிற்க மாட்டாமல், உள்ளே போவதற்காக வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் குனிந்தார். அன்று அவசரப்படவில்லை. வலது கை விரல்களில் வெனிலாவும் எலுமிச்சையும் இருந்தன, கொஞ்சம் பெருங்காயமும். வெகுநேரம் குனிந்தே இருந்தார். உனக்கும் இன்றைக்கு உள்ளே இடமில்லை என்று சொல்லி, சைக்கிளைத் திருப்பி, ஏறிக்கொள் என்றார்.

சைக்கிள் எம். புதுப்பட்டி ரோட்டில் ஏறியதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"இது எந்த ஊரு வாசம்?"

தீப்பெட்டியோ கோபமோ இல்லாமல் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் நீளமானது. சொல்லி முடிக்கட்டும் என்று அவர் சைக்கிளை மெதுவாக மிதித்தார்.