இரண்டு தடவை வெட்டினால்

பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற விஜயலெட்சுமி அக்கா, மகள் வயதுப் பிள்ளைகளான எங்களோடு டியூஷனில் வந்து உட்கார்ந்தபோது முதலில் சிரித்தவன் நான்தான். கொழுந்துக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் பொறுப்பாளர் வேலை காலியாக இருந்தது. அதற்கு ஓ.எல். பரீட்சையில் கணிதம் பாஸாக வேண்டும். அது மட்டும்தான் அக்காவிடம் இல்லை. மலையேறி ஏறி முழங்கால் வீங்கிப்போயிருந்தது. பாஸாகாவிட்டால் மறுபடியும் மலைதான்.

அக்காவைக் கவிழ்த்தது இருபடிக் கோவை. x² − 7x + 12 இன் காரணி கேட்டால், கழித்தல் அடையாளமான சயவை ஒரே அடைப்புக்குள்தான் போடுவார்: (x − 3)(x + 4).

"ஏன்க்கா, மத்த அடைப்பு என்ன பாவம் பண்ணிச்சு?"

"கொழுந்து நிறுக்கிறப்ப ஒரு தடவதானடா வெட்டுவாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாக்கு எடைக்கென்று தராசில் கிலோ வெட்டிக் கழிப்பார்களே, அந்தக் கணக்கை இங்கே இறக்கியிருக்கிறார்!

"மழ நாள்ல?"

"சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ஒன்னு."

"அப்ப இதுவும் மழ நாளுதான். ரெண்டு அடைப்புலயும் வெட்டுங்க. மூணும் நாலும் சேந்து ஏழு வெட்டு. பெருக்குனா கூட்டல் பன்னெண்டு."

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டு தடவ வெட்டுனா கூடுதா? எந்தத் தோட்டத்துலடா?"

வகுப்பே சிரித்தது, பாடம் நடத்திய சேரும்தான். அக்கா மட்டும் பேயடித்த மாதிரி இருந்தார். அதற்குப் பிறகு மழை இறங்கினால் போதும், மலையிலிருந்தே கத்துவார்: "டேய் புவனேந்திரா, இன்னைக்கு ரெண்டு சய!" கங்காணிக்கு ஒன்றும் விளங்காது.

ஓ.எல். பெறுபேறு வந்த காலை, சிக்னல் கிடைக்கிற தண்ணித் தாங்கி மேட்டில் என் போனில் பார்த்தோம். அக்காவுக்குக் கணிதம் 'சீ', நல்ல பாஸ்.

"போடா! ஒன் வெளயாட்ட வேற எங்கயாச்சும் வச்சுக்க."

தன் பரீட்சைச் சுட்டெண்ணைத் திரும்ப அடிக்கவைத்தார். திரும்பவும் சீ. போனைப் பிடுங்கித் தானே அடித்தார். அப்போதும் சீ. மேட்டிலேயே குந்திவிட்டார்.

"ஒனக்கு?"

அடித்தேன். டபிள்யூ. ஃபெயில். எனக்கு அந்த ஒரு கணக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது.

"இது வெளயாட்டுதானே?"

"ஆமாக்கா. நான் எனக்கே காட்டுன வெளயாட்டு."

அக்கா வாயில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். தன்னுடைய சீயை மறந்தே போனார்.

இப்போது மடுவத்தில் அவர்தான் பொறுப்பாளர். நேற்று அந்தப் பக்கம் போனேன். கரும்பலகையில் முயல் படம். அதன் கீழே x² − 9x + 20. பக்கத்தில் வெறும் அடைப்புகள் இரண்டு.

"உள்ள வா," என்றார், தொட்டிலை ஆட்டிக்கொண்டே. "புள்ளைக தூங்குது. சத்தம் போடாம வெட்டு."