ஏற்றுமதி, இறக்குமதி, நுரை

என் மகள் இரண்டாம் வகுப்பில் பாதி வருடத்தைக் கடந்தும் தமிழ்ப் பாடத்தில் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் வாய் மூடாது. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் ஏறினால் எங்கள் மாடி வரும்வரை பேசுவாள், ஆனால் ஆங்கிலத்தில். வகுப்பில் டீச்சர் தமிழில் எதையாவது கேட்டால் தலையாட்டுவதோடு சரி.

பெற்றோர் சந்திப்பில் டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நல்ல பிள்ளைம்மா. எல்லாம் புரிஞ்சுக்குது. குரல்தான் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைச் சுமந்த மாதங்களில் கொரிய நாடகங்களாகப் பார்த்துத் தள்ளியதுதான் காரணமோ என்று வீடு வரும்வரை யோசித்தேன். அப்படியென்றால் அவள் கொரிய மொழியிலாவது பேசியிருக்க வேண்டுமே என்பது படுத்த பிறகுதான் தோன்றியது.

அடுத்த வாரம் டீச்சரிடமிருந்து தகவல் வந்தது. வீட்டிலுள்ள ஒரு பொருளைக் கொண்டுவந்து, அது நம் நாட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் வகுப்பின் முன்னால் தமிழில் பேச வேண்டும், பெற்றோரும் வரலாம். என் மகள் சமையலறைக்குள் போய் டீத்தூள் டப்பாவை எடுத்துவந்தாள். ஏன் அது என்று கேட்டேன்.

"பக்கத்துல இருந்துச்சு."

இந்த முறை அவள் பேசியே ஆக வேண்டும் என்று நான் வேலையில் இறங்கினேன். டப்பாவின் முன்பக்கத்தில் சிங்கப்பூர் என்று பெரிதாக இருந்தது. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், இலை இலங்கையிலிருந்து வந்தது என்று இருந்தது. ஒரு தேயிலைச் செடிகூட இல்லாத நம் ஊர் பிற நாடுகளுக்குத் தேயிலை விற்கிறது என்பதை இணையத்தில் படித்தபோது, அதை நம்பலாமா என்றே சந்தேகம் வந்தது. சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போய், வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"அண்ணே, இந்தத் தூள் எந்த நாட்டுலேர்ந்து வருது?"

"முன்னாடி ஒரு நாடு போட்டிருக்கும், பின்னாடி ஒரு நாடு போட்டிருக்கும். உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?"

"சரியான பதில் வேணும்ணே. பிள்ளை ஸ்கூல்ல பேசணும்."

"பிள்ளை பேசப் போகுது, அம்மா பரீட்சைக்குப் படிக்கிறீங்க" என்றார். வெட்கத்தில் தேவையில்லாமல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று மாலையே உரையை எழுதி முடித்தேன். 'டீ' என்று எழுதி அடித்து, 'தேநீர்' என்று எழுதி, விளைவது தேநீரா என்று குழம்பி, 'தேயிலை' என்று மாற்றினேன். "அயல்நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து, பதமாகக் கலந்து, பொட்டலமிட்டு, மறு ஏற்றுமதி செய்கிறோம்" என்ற வரியில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது. என் கணவர் வாங்கிப் படித்தார்.

"இது யாரு பேசப் போறது? மந்திரியா?"

மகளுக்கு ஏற்றுமதியும் இறக்குமதியும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. "கப்பல்ல ஏத்தினா ஏற்றுமதி, இறக்கினா இறக்குமதி, அவ்ளோதான்" என்றேன்.

அவள் யோசித்தாள். "பட் ம்மா, ஸ்ரீலங்காவுலயும் கப்பல்ல ஏத்துவாங்கதானே? சேம் டீ. அப்ப அது ஏற்றுமதியா, இறக்குமதியா?"

"அவங்களுக்கு ஏற்றுமதி. நமக்கு இறக்குமதி."

"அப்ப நடுக்கடல்ல?"

அதையும் இணையத்தில் தேடினேன்.

ஞாயிறு காலை, கீழே சாப்பாட்டுக் கடையில், என் கணவர் தே தாரிக், அதாவது நுரை பொங்க இழுத்து ஆற்றும் டீ, கொண்டுவரச் சொன்னார். கடைக்காரர் இரண்டு குவளைகளைக் கையில் எடுத்து ஆற்ற ஆரம்பித்தார். என் கணவர் மகளைத் தட்டினார். "பாரு, மேல போகுதா, அது ஏற்றுமதி. கீழ வருதா, இறக்குமதி. முடிஞ்சது கதை."

"ஐயோ, தப்பா சொல்லிக் கொடுக்காதீங்க!" என்றேன்.

"ஏத்துறது, இறக்குறது. தமிழ்தானே லா?"

நான் காகிதத்தை விரித்து மீண்டும் முதலிலிருந்து விளக்கினேன். மகள் காகிதத்தைப் பார்க்கவேயில்லை, குவளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசப் பேச அவளிடம் அந்த வகுப்பறைத் தலையாட்டல் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் நிறுத்தினேன். நானே அவள் வாயை அடைக்கிறேனோ என்ற பயம் அப்போதுதான் பிடித்தது.

அந்த நாள் வந்தது. வகுப்பின் பின்வரிசையில், குழந்தைகளுக்கான நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் அரிசி பற்றி அருவிபோலப் பேசிவிட்டுப் போனான். அடுத்து என் மகள். டப்பாவை மேசையில் வைத்தாள். காகிதத்தை விரித்தாள். "அயல்நாடு" என்றாள். அத்தோடு நின்றுவிட்டாள்.

வகுப்பு காத்திருந்தது. டீச்சர் கண்ணால் உற்சாகப்படுத்தினார். நான் பின்னாலிருந்து 'களிலிருந்து' என்று உதட்டை அசைத்துக் காட்டினேன். அந்தச் சொல்லை உதட்டசைவில் காட்ட முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். தன் தண்ணீர்ப் புட்டியின் மூடியைக் கழற்றி, அதில் தண்ணீர் ஊற்றி ஒரு கையிலும், டீச்சரின் மேசையிலிருந்த வெற்றுக் குவளையை இன்னொரு கையிலும் எடுத்தாள்.

"மேல ஸ்ரீலங்கா. கீழ சிங்கப்பூர்" என்றாள். மூடியிலிருந்த தண்ணீரைக் குவளைக்குள் ஊற்றினாள். பாதி மேசையில் கொட்டியது. "கொஞ்சம் கடல்ல விழுந்துடுச்சு. பரவால்ல. கீழ வந்தா இறக்குமதி. இப்ப நாம மேல தூக்கி வேற ஊருக்கு ஊத்துவோம். அது ஏற்றுமதி."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் குவளையைத் தூக்கிப் பிடித்த உயரத்தில் சிங்கப்பூர் இலங்கைக்கு மேலே போய்விட்டது. திருத்துவதற்கு என் கை பாதி வரை எழுந்தது. அதை மறு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அரிசிப் பையன் கேட்டான்: "நம்மகிட்ட செடியே இல்ல. சும்மா வாங்கி சும்மா கொடுத்தா யாரு காசு கொடுப்பாங்க?"

நான் எழுதிய உரையில் இதற்குப் பதில் இல்லை.

"சும்மா இல்லடா" என்றாள் என் மகள், இடுப்பில் கைவைத்து. "ஆத்தி ஆத்தி ஊத்தினா நுரை வரும்ல? டீ அவங்களது. நுரை நம்மளது. நுரைக்குத்தான் காசு."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். அதன் பிறகு அவளை உட்கார வைப்பதுதான் சிரமமாகிவிட்டது. சீனி எங்கிருந்து வருகிறது, பால் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த பிள்ளையின் நேரத்தையும் எடுத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து டீச்சரிடமிருந்து ஒரு தகவல். தமிழ்ப் பாட நேரத்தில் பக்கத்துப் பிள்ளையோடு ஓயாமல் பேசுகிறாள். வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்றிருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அனுப்பிய பிறகு மனம் பொறுக்கவில்லை. இன்னொன்றும் எழுதினேன்: "எந்த மொழியில் பேசுகிறாள், டீச்சர்?"

"தமிழில்தான்" என்று பதில் வந்தது.

மகளைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். கூப்பிட்டேன். எதிரில் வந்து நின்றாள். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "பாடம் நடக்கும்போது பேசக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நீங்க முதல்ல சிரிக்காம சொல்லுங்கம்மா" என்றாள்.