கைகாட்டிக் கம்பியில் கட்டிய ஆடு

இன்று காலை அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கரிவண்டி, திருச்சுழி ஸ்டேஷனுக்கு முன்னாலேயே, எங்கள் ஊர்ப் பொட்டலில் ஊதிக்கொண்டே நின்றுவிட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சிக்னல் கைகாட்டி பாதிதான் இறங்கியிருந்தது. முழுதாக இறங்காமல் வண்டி நகரக் கூடாது.

கைகாட்டியை இழுக்கிற கம்பியில் எங்கள் தெரு மதினி ஆட்டைக் கட்டியிருந்தார். எல்லாம் அது இழுத்த இழுப்பு!

கார்டு ஓடிவந்து கத்தினார். "முழுசா எறங்கியிருந்தா? எதுக்க ஒரு வண்டி வந்திருந்தா அம்புட்டுப் பேரும் காலிம்மா!"

"எங்க ஆடு அம்புட்டுத் தூரம் இழுக்காதுய்யா."

கார்டு ஆட்டை அவிழ்ப்பதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் மூட்டையோடு இறங்கிவிட்டோம். ஸ்டேஷன் போய்த் திரும்பி நடக்கிற இரண்டு மைல் மிச்சம்.

மதினி மெதுவாகக் கேட்டார்: "கொழுந்தனாரே, நாளைக்கும் இந்த வண்டியிலதான் வாரீகளா?"

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால்?