ஆளையும் எடை போட்ட தராசு

மட்டாஞ்சேரியில எங்க லைன் வீட்டுக்கு முதமுதல்ல டிவி வந்து, தெருவே எங்க சன்னல்ல தொங்குச்சே, அதுக்கு அடுத்த மழைக்காலம். இப்ப எதுக்கு அது ஞாபகம்னா, காலையில பேரன் போனைக் காட்டுறான். “தாத்தா, ப்ளேன் டிக்கெட் பெரிய கம்பனி, ஓட்டுறது வேற கம்பனியாம்.” எனக்குப் படிப்பில்ல. ஆனா இது எனக்கு அப்பவே தெரியும், கேட்டியா.

அதுக்கு முன்ன பஜார்ல மொளகு கோடவுன்ல சாக்கு எடை போட்டேன். அந்த நெடி இன்னும் மூக்கை விட்டுப் போகல. தும்முனா பொண்டாட்டி, “கோடவுன் தொறந்தாச்சு”ம்பா. அந்த எடைக் கையைப் பாத்துத்தான் காயலுக்கு நடுவுல இருந்த ஐலண்டு ஏர்போர்ட்டுல பெட்டி எடை போட எடுத்தாங்க. பெரிய கம்பனி டிக்கெட் விக்கும். ஆள் கொறச்ச ரூட்டுல பெரிய ப்ளேன் கட்டுப்படியாகாதுன்னு, சின்னக் கம்பனிக்காரன் அவங்களுக்காகக் குட்டிப் ப்ளேன் ஓட்டுவான். ரெண்டு மேசைக்கும் ஒரே மேனன் சார். டிக்கெட்டைக் கேட்டா இந்த நாற்காலி, ப்ளேனைக் கேட்டா அந்த நாற்காலி. அவரு மாறி உக்கார்றதுக்குள்ள ஒரு சாயா குடிச்சிரலாம்.

அன்னைக்கு என் தங்கச்சி புருசன் கல்ஃபுக்குக் கெளம்பினாரு. மெட்ராஸ் போய் ராத்திரியே அடுத்த ப்ளேன் ஏறணும், விசா மறுநாளோட தீருது. பெட்டியை மட்டும்தான் எடை போடுவாங்கன்னு எவனோ சொல்லிக் கொடுத்திருக்கான். மாப்ள மூணு பேண்டு, நாலு சட்டை, மேல கோட்டு. பையெல்லாம் கருவாடு, கப்பைக் கெழங்கு வத்தல், தங்கச்சி போட்ட மாங்கா அச்சாறு. சீர் மெத்தை ஒண்ணு நடந்து வந்தாப்புல இருந்துச்சு.

“மாப்ள, தராசுல ஏறுங்க.”

“பெட்டிய வச்சாச்சே மச்சான்?”

“பெட்டி இல்ல, நீங்க. சின்னப் ப்ளேன்ல ஆளுக்கும் எடை உண்டு.”

ஏறுனாரு. ப்ளேன் கணக்குக்குப் பன்னெண்டு கிலோ கூட. கொறைக்கலன்னா அடுத்த ப்ளேன் நாளன்னைக்குத்தான். மேனன் சார்ட்ட ஓடினாரு.

“சாரே, டிக்கெட் உங்க கம்பனியோடது!”

“டிக்கெட்டு நம்மடது. ப்ளேன் அவங்கடது. அவங்கட்ட பேசணும்.”

“அவங்க எவிடெ?”

மேனன் சார் மெல்ல எந்திரிச்சு அடுத்த நாற்காலியில உக்காந்தாரு. “ம், பறயூ, சொல்லு.”

மாப்ள என் காதுல வந்து, “மச்சான், கோடவுன்ல எடை கொறையத் தராசுப் பலகைக்கு அடியில கால்விரல் கொடுப்பீங்களே, அத இங்கயும் கொடுங்க”ன்னாரு.

கொடுத்திருக்கேன், இல்லேங்கல. ஆனா மொளகு சாக்கு ஆகாசத்துல போகாதே. அந்தப் ப்ளேன்ல என் தங்கச்சி தாலியும்ல ஏறுது. சத்தமாவே சொன்னேன், “பன்னெண்டு கூட!”

அத்தனை பேர் முன்னாடியும் உரிக்க ஆரம்பிச்சாரு. கோட்டு, சட்டை, கருவாடு, மறுபடி சட்டை. கடைசியில அச்சாறு பாட்டில் மட்டும் பாக்கி. அதை நெஞ்சோட வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாரு. முடியாதுன்னு தலையாட்டுனேன். கீழ வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ஏறிட்டாரு.

மொத லீவுக்கு வந்தப்பவே, நான் விரலால அமுக்கி எடையக் கூட்டிட்டேன்னு தெருவெல்லாம் சொல்லியாச்சு. இன்னைக்கும் அதே பல்லவி. சின்னக் கம்பனி போச்சு. பயணி ப்ளேனெல்லாம் ஐலண்ட விட்டே போச்சு. தராசு பழைய இரும்புக்காரனுக்கு, மேனன் சார் மேல போய்ச் சேந்தாச்சு. மாப்ள தேவராவுல மகன் வீட்டுல இருக்காரு. நீ அந்தப் பக்கம் போவேல்ல? பாத்தா சொல்லு. அச்சாறை நான்தான் தின்னு தீத்தேன், ருசி கொறை சொல்ல முடியாது. ஆனா விரல் வைக்கல.