தழை களைந்த பரண்

றெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் காட்டில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம். அழுதேன். ஆனாலும் உள்ளே ஓர் ஆறுதல் இருந்தது. அது ஏனென்று, டென்மார்க்கில், இந்த ஹொல்ஸ்டெப்ரோ ஊரில் அவரைத் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் வாய் திறக்காமலே இருந்து இடையில் நின்றுவிட்ட என்னை வேலைக்குக் கூட்டிப்போனவர் அவர். மான் வேட்டைக்காரர் உட்காரும் பரண்களை மரங்களில் பொருத்தி, தாங்குகால் கொடுப்பது எங்கள் வேலை. ஆணி அடிக்க விடமாட்டார். மரத்தைச் சுற்றிப் பட்டிதான் இறுக்குவோம். "மரமும் மூச்சு விடோணும். வருசா வருசம் இளக்கிவிடு" என்பார்.

இந்த வசந்தத்தில் கட்டிய பரணின் கூரையை ஊசியிலைக் கொப்புகளால் முழுவதும் மூடினார். காட்டின் சொந்தக்காரர் அண்ணாந்து பார்த்து, "மான் ஆகாயத்திலிருந்தா பார்க்கப்போகுது!" என்று டெனிஷில் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மன்னாரில் குண்டு போடும் விமானத்துக்குப் பயந்து பதுங்குகுழியை மூடிய கை அது. அவருடைய மகன் அன்ரன் அப்போது வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். மாதக்கணக்காக ஒரு சொல்லும் இல்லை.

மே மாதம் சண்டை முடிந்தது. அதன்பின் ஒரு மத்தியானம், பட்டி இறுக்க அந்தப் பரணில் ஏறியிருந்தோம். அந்தக் காட்டில் உயரத்தில்தான் தொலைபேசி வேலை செய்யும். அடித்தது. தெரியாத இலங்கை எண். அக்கா அதை என் கையில் திணித்தார்.

"நீ கதை. அவன் இல்லையெண்டு என்ர காதால கேக்கமாட்டன்."

நான் காதில் வைத்தேன். "ஹலோ... ஆர்?"

"அன்ரன். அகதி முகாமில இருந்து. அம்மா எங்க?"

"மரத்தில."

"மரத்திலயோ? அங்கயும் சென்றிக் காவலோ?"

"இல்லை அண்ணா, மான் சுடுறவைக்குப் பரண் கட்டுறம்."

அவர் சிரித்த சத்தம் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. தொலைபேசியைப் பறித்தார். "டேய், சாப்பிட்டியோ?" அதற்குமேல் அழுகைதான். நான், விழாமலிருக்க அவர் கட்டியிருந்த இடுப்புப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பேசி முடித்ததும் கூரைக் கொப்புகளை இழுத்து இழுத்துக் கீழே எறிந்தார். "இனி ஆருக்கு ஒளிக்கிறது? வெயில் வரட்டும்."

அன்ரன் இப்போது முகாமை விட்டுத் தன் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிறுதோறும் தாயும் மகனும் தொலைபேசியில் கதைத்தார்கள். மகன் இருக்கிறானோ இல்லையோ என்று காத்திருந்தபடியே அக்கா கண் மூடவில்லை; அதுதான் என் ஆறுதல்.

அவருடைய இடுப்புப் பட்டி என்னிடம் இருக்கிறது. மகனுக்கு யார் சொல்வதென்று பெரியவர்கள் தயங்கியபோது, நான் அதை மாட்டிக்கொண்டு அதே பரணில் ஏறி அன்ரனின் எண்ணை அழுத்தினேன்.

"அண்ணா, நான்தான். மரத்தில நிண்டவள்."

எல்லாவற்றையும் நானே சொன்னேன். இறங்குமுன் மரத்தின் பட்டியைக் கொஞ்சம் இளக்கிவிட்டேன்.